பூர்த்தி செய்யப்பட்ட படிவம்

பூகோள வாத்தியார் வீட்டு வாஷிங் மெஷின் ஒரு திங்கட்கிழமை காலையில், பாதிச் சலவையில், அவருடைய பள்ளிக்கூடச் சட்டைகள் அத்தனையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றுபோனது. கதவும் திறக்கவில்லை. கண்ணாடி வழியாகத் தம் சட்டைகள் சோப்புத் தண்ணீரில் முங்கிக் கிடப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மைத்துனர் எப்போதோ விட்டுப்போன பூப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். அன்றைக்குப் பாலைவனங்களைப் பற்றிப் பாடம். பிள்ளைகள் பாலைவனத்தைக் கவனிக்கவில்லை.

சாயங்காலம் மெக்கானிக் வந்தார். கதவை நெம்பிச் சட்டைகளை விடுவித்தார். பிறகு பின்பக்கத்தைக் கழற்றி, தண்ணீரைச் சுடவைக்கும் காயிலை வெளியே இழுத்தார். வாத்தியாரும் மனைவியும் குனிந்து பார்த்தார்கள். வெள்ளையாக, தடியாக, மேடும் பள்ளமுமாக ஏதோ ஒன்று வந்தது.

"காயில் எங்கேப்பா?" என்றார் வாத்தியார்.

"இதுக்குள்ளதான் சார் எங்கேயோ இருக்கு."

"இதெல்லாம் என்ன?"

"உப்பு சார். உங்க தண்ணியில வர்றது. சுடச்சுட அப்படியே காயில் மேல ஒட்டிக்கும். நான் புதுசு மாட்டிட்டுப் போயிடலாம். இதே தண்ணின்னா ஆறே மாசத்துல அதுவும் கல்லாத்தான் போகும். முதல்ல தண்ணியைச் சரி பண்ணிட்டு என்னைக் கூப்பிடுங்க."

வந்த வேலையைச் செய்யாமல் போகிற மெக்கானிக் உண்டு. செய்ய வேண்டாம் என்று காரணம் சொல்லிவிட்டுப் போகிற மெக்கானிக்கை அந்த வீடு அன்றுதான் பார்த்தது. மனைவி வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து முறிந்த மணிக்கட்டு அது. கட்டுப் பிரித்தாகிவிட்டது என்றாலும், ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிந்தால் இன்னமும் தோள்வரை வலிக்கும். அது வாத்தியாருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வாய் முந்திக்கொண்டது.

"நீ கவலைப்படாதே. வாரியத்துல சொல்லி நல்ல தண்ணிக்கு வழி பண்றேன். அதுவரைக்கும் துணியெல்லாம் நான் துவைக்கிறேன்."

"அதுவரைக்குமா?"

"ஆமா."

"வாரியம் வழி பண்ற வரைக்குமா?"

"அதான் சொல்றேனே."

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் இரக்கமும் இருந்தது, கிடைத்ததை விடக்கூடாது என்கிற சாமர்த்தியமும் இருந்தது. உள்ளே போய் அழுக்குக் கூடையைத் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்தாள்.

அந்த ஊரின் குழாய்களுக்கெல்லாம் பொறுப்பு நீர்மேன்மை வாரியம். அதனிடம் ஒரு அருமையான திட்டம் இருந்தது. எந்தத் தெருவில் வருவது கடின நீர் என்று வாரியம் ஒப்புக்கொள்கிறதோ, அந்தத் தெரு முனையில் மென்னீர்க் கருவி ஒன்றை வாரியமே பொருத்தித் தரும். கருவி, தண்ணீரில் உள்ள உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பும். திட்டம் தொடங்கிப் பல வருடங்கள் ஆகியும் ஒரு தெருவிலும் கருவி இல்லை. ஏனென்றால் ஒரு தெருவிலும் கடின நீர் வருவதாக வாரியம் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. இதைக் குறை என்று நினைக்காமல் வாசலில் பெரிய பலகையாகவே வைத்திருந்தார்கள்: "கடின நீர் இல்லாத நகரம்." பலகைக்குப் பக்கத்திலிருந்த குழாயின் வாயில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது.

பெரிய பலகைக்குக் கீழே ஒரு சின்னப் பலகை. "குறை உடையோர் உரிய படிவத்துடன் நேரில் வரவும்."

இந்த இடத்தில்தான் வாத்தியாருடைய படிப்பு அவரைக் கவிழ்த்தது. பூகோளப் பாடத்தில் படிவம் என்றால் ஒன்றே ஒன்றுதான். ஆறு சுமந்து வந்ததைக் கழிமுகத்தில் இறக்கிப் போட்டால் ஆற்றுப் படிவம். கடல் போட்டால் கடல் படிவம். தண்ணீர் எதைச் சுமந்து வந்து எங்கே போட்டுவிட்டுப் போனாலும் அது படிவம். வருஷா வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் இதையே சொல்லும் நிலைக்கு வந்திருந்தார். வாரிய வாசலில் நின்று பலகையைப் படித்ததும் அவருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

"நாமதான் வாரியத்தைப் பத்தித் தப்பா நெனச்சுட்டோம்," என்றார் வீட்டுக்கு வந்து. "வாயால சொன்னா நம்ப மாட்டாங்களாம். படிவத்தோட வான்னு போட்டிருக்கான். எவ்வளவு விஞ்ஞானமா யோசிச்சிருக்கான் பாரு."

"படிவம்னா பேப்பர்தானேங்க?"

"அது விண்ணப்பம். இது படிவம்."

ஒரு பழைய ஸ்பூனால் கெட்டிலின் அடியைச் சுரண்டினார். வெள்ளைச் சில்லுகள் பொலபொலவென்று வந்தன. எவர்சில்வர் டப்பா ஒன்றில் போட்டு மூடிக்கொண்டு, மறுநாள் அரை நாள் விடுப்பில் வாரியத்துக்குப் போனார்.

குறைதீர் பிரிவில் எழுத்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, வெறும் கண்ணால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் எழுத்தர். இதுவரை ஒரு குறையையும் எழுதியதில்லை. வருகிறவர்களிடம் "படிவம் இருக்கா?" என்று கேட்பார். இல்லை என்பார்கள். "படிவம் இல்லாம எடுத்துக்க முடியாது" என்பார். "எங்கே கிடைக்கும்?" என்று கேட்டால், "இருப்பு இல்லை" என்பார். அந்தப் படிவத்தை வாரியம் அச்சடிக்கவே இல்லை என்பது எழுத்தருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

"படிவம் இருக்கா?" என்றார் எழுத்தர்.

"இருக்கு சார்."

எழுத்தர் ஜன்னலிலிருந்து மெதுவாகத் திரும்பினார்.

"எங்ககிட்டயே இல்லாத படிவம் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"எங்க வீட்டுக் கெட்டில்ல இருந்துச்சு சார்."

வாத்தியார் டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தார். எழுத்தர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். டப்பாவைப் பார்த்தார். வாத்தியாரைப் பார்த்தார். பூப்போட்ட சட்டையைப் பார்த்தார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து வாரியத்தின் விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். படிவம் மூன்று பிரதிகளில் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அடித்தல் திருத்தல் சுரண்டல் கூடாது என்று இருந்தது. முழுமையாகப் பூர்த்தி செய்யப்பட வேண்டும் என்று இருந்தது. படிவம் என்றால் என்ன என்று எங்கேயும் இல்லை. அது காகிதமாக இருக்க வேண்டும் என்று யாருக்கும் எழுதத் தோன்றவில்லை.

வேறு ஒருவராக இருந்தால் சிரித்துவிட்டு அனுப்பியிருப்பார். எழுத்தர் கடமை உணர்ச்சி மிக்கவர். விதியில் இல்லாத காரணத்துக்காக ஒருவரைத் திருப்பி அனுப்ப அவர் மனசாட்சி ஒப்பவில்லை. விதியில் உள்ள காரணங்களே தேவைக்கு மேல் இருக்கும்போது அப்படிச் செய்யவேண்டிய அவசியமும் இல்லை.

"ஒண்ணுதான் இருக்கு. மூணு பிரதி வேணும்."

"கெட்டில் ஒண்ணுதான் சார் இருக்கு."

"வேற எதுல எல்லாம் படிவம் இருக்கோ அதுல எடுங்க. மூணும் ஒரே மாதிரி இருக்கணும்."

வாத்தியார் கீசரைக் கழற்றிச் சுரண்டினார். வாஷிங் மெஷின் காயிலைச் சுரண்டினார். மூன்று டப்பாக்களுடன் போனார். எழுத்தர் மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டார்.

"இதெல்லாம் சுரண்டி எடுத்ததா?"

"ஆமா சார். பின்னே எப்படி எடுக்கிறது?"

"சுரண்டல் இருந்தா செல்லாது சார். அசல் அப்படியே வரணும்."

மறுபடி கெட்டிலைப் பல நாள் கொதிக்கவைத்து, அடியில் உப்புப் படிந்ததும் கெட்டிலையே தூக்கிக்கொண்டு போனார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர், "காப்பிங்களா?" என்று ஆவலாகக் கேட்டார். "படிவம்" என்றார் வாத்தியார். அவர் அடுத்த நிறுத்தத்தில் வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

எழுத்தர் கெட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே நெடுநேரம் பார்த்தார்.

"இது பூர்த்தி ஆகலியே சார்."

"ஆகலியா?"

"அடியில மட்டும்தான் இருக்கு. மேலே பூரா காலியா விட்டிருக்கீங்க. காலி இடம் இருந்தா நிராகரிக்கணும்னு விதி."

"அதை எப்படி சார் பூர்த்தி பண்றது?"

"அதை நாங்க சொல்லித்தரக் கூடாது. விண்ணப்பதாரர் சொந்தமாத்தான் பூர்த்தி பண்ணணும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் கெட்டில் ஓயவில்லை. வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்துகிற மேஜையில் ஒரு பக்கம் தாள்கள், ஒரு பக்கம் கெட்டில். கொதித்து வற்றியதும் மறுபடி ஊற்றுவார். கீசரையும் பழையபடி மாட்டி ஓடவிட்டார். மெக்கானிக் போட்டுவிட்டுப் போன காயில் கட்டையையே மறுபடி செருகி, மெஷினிலும் தண்ணீர் நிரப்பி வைத்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"படிவம் பூர்த்தி பண்ணிட்டிருக்கேன்."

"துணி?"

துணி ஊறிக்கொண்டிருந்தது. சொன்ன வாக்கை வாத்தியார் தவறவில்லை. தவறவிட மனைவியும் விடவில்லை. குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து, அந்தத் தண்ணீரில் சோப்பைக் கரைத்தார். நுரை வரவில்லை. கட்டிச் சோப்பில் பாதியைத் தேய்த்தபிறகு தண்ணீர் கலங்கிப் பால் மாதிரி ஆனதே தவிர, நுரை என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. அலசினால் சோப்பு போகாது, காயப்போட்டால் சட்டை விறைத்துக்கொண்டு தானாக நின்றது; மைத்துனரின் பூப்போட்ட சட்டையே கதி என்று ஆனது. ஒரு வீட்டில் எவ்வளவு துணி சேர்கிறது என்பது அவருக்கு இத்தனை வருடத்தில் அப்போதுதான் தெரிந்தது. மெஷின் வருவதற்கு முன்னால் இத்தனையையும் துவைத்தது யார் என்று யோசித்துப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. போர்வையைக் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கிப் பிழிந்தார்.

இதற்குள் விஷயம் தெருவில் பரவிவிட்டது. வாரியம் படிவம் வாங்கிக்கொள்கிறது என்று கேள்விப்பட்டதும் ஆளாளுக்குக் கிளம்பினார்கள். எதிர் வீட்டு அக்கா, துளையெல்லாம் அடைத்துப்போன ஷவரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். சலூன்காரர் கீசரைச் சைக்கிளில் கட்டி வந்தார். ஒருவர் இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்து, அது வெள்ளைச் சட்டையைத் தவிர மற்ற எல்லாச் சட்டையிலும் புள்ளி வைக்கிறது என்று எழுத்தரின் கறுப்புக் கோட்டிலேயே செய்து காட்டினார். ஒரு முதியவர் ஆஸ்பத்திரியில் தம் சிறுநீரகத்திலிருந்து எடுத்த கல்லைச் சீசாவில் போட்டு நீட்டினார். எழுத்தர் அதைப் பரிவோடு பார்த்துவிட்டு, "இது சுகாதாரத் துறை படிவம் சார். அங்கே போங்க," என்று வழி சொல்லி அனுப்பினார்.

வரிசை வாசலைத் தாண்டியது. வாரியத் தலைவரின் கார் உள்ளே நுழைய முடியாமல் நின்றபோதுதான் அவருக்கு இப்படி ஒரு பிரிவு தம்மிடம் இருப்பதே தெரிந்தது. உடனே கூட்டம் போட்டார். பொதுமக்களையும் அழைத்தார். மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர் வைத்திருந்தது. தலைவர் ஒரு மிடறு குடித்துவிட்டுப் பேசினார்.

"போன வருடம் இந்த வாரியத்துக்கு வந்த படிவங்கள் பூஜ்யம். இந்த வருடம் எண்ணிச் சொல்ல முடியவில்லை, எடை போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இது எதைக் காட்டுகிறது? மக்களுக்கு நம்மேல் உள்ள நம்பிக்கை கெட்டிப்பட்டுவிட்டதைக் காட்டுகிறது. சிலர் தண்ணீர் கடினமாக இருக்கிறது என்கிறார்கள். நான் கேட்கிறேன், வாழ்க்கையில் எதுதான் கடினமில்லை? இந்த நாற்காலிக்கு வர நான் எவ்வளவு கடினப்பட்டேன் என்பதை என் மாமனாரைக் கேட்டால் சொல்வார், அவர்தான் அன்றைக்குத் தலைவராக இருந்தார். மற்ற ஊர்களில் குழாயைத் திறந்தால் தண்ணீர் மட்டும்தான் வரும். நம் ஊரில் தண்ணீரோடு கல்லும் வருகிறது. கல்லுக்கு நாம் தனியாக ஒரு காசு கேட்டதுண்டா? என் வீட்டில் இந்தக் குறை ஒரு நாளும் வந்ததில்லை. இத்தனைக்கும் என் வீட்டுக்கு வருவது தனிக் குழாய்."

கைதட்டினார்கள். பூப்போட்ட சட்டையில் வாத்தியார் எழுந்து நின்றார்.

"ஐயா, மென்னீர்க் கருவி எப்போ வரும்?"

"பூர்த்தி செய்யப்பட்ட படிவங்கள் ஒவ்வொன்றும் பரிசீலிக்கப்படும்," என்றார் தலைவர். "யாருடையது முதலில் பூர்த்தியாகிறதோ, அவருடைய வீட்டுக்கு வாரியமே நேரில் வரும்."

சொன்னபடி வந்தது. கெட்டில் மூடிவரை கல்லாகி, இனி ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே போகாது என்று ஆன வாரத்தில், வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. எழுத்தரும் இரண்டு ஆட்களும் இறங்கினார்கள். வாத்தியார் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்த முகத்தில், பார்த்தாயா என்கிற பெருமை தெரிந்தது.

எழுத்தர் கெட்டிலைத் தட்டிப் பார்த்தார். கீசரைத் தட்டிப் பார்த்தார். மெஷினுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"நல்லாப் பூர்த்தி பண்ணியிருக்கீங்க. மூணு பிரதியும் சரியா இருக்கு. இனிமே இதெல்லாம் வாரியத்தோட ஆவணம்."

ஆட்கள் மூன்றின் மீதும் சிவப்பு அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். பிறகு தூக்கினார்கள்.

"சார், எங்கே எடுத்துட்டுப் போறீங்க?"

"ஆவணக் காப்பறைக்கு. அசலை விண்ணப்பதாரர்கிட்ட விட்டுவைக்க விதி இல்லை."

"மெஷினுக்குள்ள துணி இருக்குங்க," என்றாள் மனைவி. உள்ளே ஊற்றிய தண்ணீர் வற்றியதிலிருந்து மெஷினை அவள் அழுக்குக் கூடையாக வைத்திருந்தாள்.

எழுத்தர் எட்டிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்: "இணைப்புகள்: சட்டை மூன்று, போர்வை ஒன்று." ஒரு ரசீதைக் கிழித்து வாத்தியார் கையில் கொடுத்தார். வேன் போய்விட்டது.

அடுத்த வாரம் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. வாத்தியார் சத்தமாகப் படித்தார். "தங்கள் இல்லத்தில் கள ஆய்வு செய்ததில், கடின நீரால் பாதிக்கப்படக்கூடிய சாதனம் எதுவும் அங்கே இல்லை என்று தெரியவருகிறது. எனவே தங்கள் குறை தீர்ந்துவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

தெருவில் எல்லோருக்கும் இதே கடிதம். எதிர் வீட்டு அக்காவின் ஷவர் போய்விட்டது. சலூன்காரரின் கீசர் போய்விட்டது. எல்லாருடைய குறையும் ஒரே வாரத்தில் தீர்ந்திருந்தது.

வாத்தியார் குளியலறையில் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். துவைக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். விரல்களெல்லாம் வெடித்திருந்தன.

"உன் மெஷினையும் தொலைச்சுட்டேன்," என்றார். "ரிப்பேரா இருந்தாலும் வீட்டுல இருந்துச்சு. இப்போ அதுவும் இல்லை."

மனைவிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த மனிதர் வாயை விட்டு மாட்டிக்கொண்டதும் தன் கைக்காகத்தான், கெட்டிலைக் கட்டிக்கொண்டு அழுததும் தன் கைக்காகத்தான் என்று அவளுக்குத் தெரியும். அதைக் காட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் சட்டைப் பையிலிருந்த ரசீதை எடுத்துப் படித்தாள். திருப்பியும் படித்தாள்.

"என்னங்க, பின்னால ஒண்ணு போட்டிருக்கே. விண்ணப்பதாரர் தம் ஆவணத்தை அலுவலக நேரத்துல நேரில் பார்வையிடலாம்னு."

"பார்த்து என்ன பண்றது?"

"என் போர்வை உள்ளே இருக்கு. நான் பார்க்கணும். கிளம்புங்க."

ஆவணக் காப்பறை வாரியக் கட்டடத்தின் பின்புறம், நீளமான கூடம். அதன் காப்பாளர் எழுத்தரையும் மிஞ்சிய கடமைக்காரர். இருவரும் உள்ளே நுழைந்ததும், செருப்பைக் கழற்றச் சொன்னார். அலமாரிகளில் வரிசையாகக் கெட்டில்கள், ஷவர்கள், இஸ்திரிப் பெட்டிகள். சுவரோரம் கீசர்கள், வாஷிங் மெஷின்கள். எல்லாவற்றிலும் எண் ஒட்டியிருந்தது. எல்லாம் பளபளவென்று இருந்தன. வாத்தியார் தம் கெட்டிலைக் கண்டுபிடித்துத் திறந்தார். கண்ணாடிபோல இருந்தது. அதில் அவர் மூக்கு தெரிந்தது.

"படிவம் எங்கே சார்?"

"இதுதான் படிவம்," என்றார் காப்பாளர்.

"உள்ளே இருந்த உப்பு?"

"ஆவணத்து மேல எதுவும் படிய விடக்கூடாதுன்னு விதி சார். இங்கே வந்தப்போ ஒவ்வொரு ஆவணத்துலயும் அவ்வளவு படிஞ்சிருந்துச்சு. எப்படித்தான் வெச்சிருந்தீங்களோ. எலுமிச்சை உப்புப் போட்டு ஊறவெச்சு, நானே முன்னால நின்னு எல்லாத்தையும் சுத்தம் பண்ண வெச்சேன்."

வாத்தியார் வாயைத் திறந்தார். மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். அவர் மூடிக்கொண்டார்.

"இந்த மெஷின்?" என்றாள் அவள்.

"அது ரொம்பச் சிதைஞ்ச ஆவணம்மா. சிதைஞ்சதைப் புதுப்பிச்சு வைக்கணும். ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். தண்ணியைப் பார்த்துட்டு, இங்கே தைரியமாப் புதுக் காயில் போடலாம்னுட்டுப் போட்டுட்டுப் போனார்."

"இங்கே தண்ணி எப்படி நல்லா இருக்கு?"

காப்பாளர் பெருமையுடன் கூடத்தின் மூலையைக் காட்டினார். குழாய் உள்ளே வருகிற இடத்தில் பீப்பாய் உயரத்துக்கு நீல நிறத்தில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. திட்டம் தொடங்கியதிலிருந்து வாரியம் பொருத்திய முதல் மென்னீர்க் கருவி.

"மெஷினெல்லாம் தண்ணி படாம இருந்தா ரப்பர் காய்ஞ்சுபோகும். அப்பப்போ தண்ணி விடணும். நம்ம குழாய்த் தண்ணியை விட்டா ஆவணம் என்னத்துக்கு ஆகும்? தலைவரே உடனே கையெழுத்துப் போட்டார்."

"அப்போ நம்ம தண்ணி கடினம்தானே சார்?" என்றார் வாத்தியார்.

"பொதுமக்களுக்குக் கடினமில்லை," என்றார் காப்பாளர். "ஆவணங்களுக்குக் கடினம்."

மனைவி ஓரடி முன்னால் வந்தாள்.

"சார், நாங்க எங்க ஆவணத்தைப் பார்வையிடணும்."

"தாராளமா. அதோ இருக்கு, பாருங்க."

"வெளியில இருந்து பார்த்தா என்ன தெரியும்? ஆவணம்னா புரட்டிப் பார்க்க விடுவீங்கதானே?"

"புரட்டிப் பார்க்கலாம். விதியிலேயே இருக்கு."

"இதைப் புரட்டணும்னா சுவிட்ச் போடணும் சார்."

காப்பாளர் யோசித்தார். விதிப்புத்தகத்தை எடுத்தார். தொட்டுப் பார்த்தல் இருந்தது. புரட்டிப் பார்த்தல் இருந்தது. சரி பார்த்தல் இருந்தது. சுவிட்ச் போட்டுப் பார்த்தல் கூடாது என்று இல்லை.

"இணைப்புகளும் ஆவணத்துல சேர்த்திதானே?" என்று மனைவி விடாமல் கேட்டாள். "அதையும் சேர்த்தே புரட்டிடுறோம்." வீட்டுச் சலவைக்கென்று வரும் வழியில் வாங்கிய சோப்புத்தூளைப் பையிலிருந்து எடுத்தாள். "மேற்கொண்டு கொஞ்சம் இணைப்பு இருக்கு. சேர்க்கலாமில்லே?"

"கூடுதல் இணைப்புகளை விண்ணப்பதாரர் எப்போ வேணும்னாலும் சேர்க்கலாம்," என்றார் காப்பாளர். விதியில் கண்ணாக இருந்தவர், அவள் பையைக் கண்டுகொள்ளவில்லை.

மெஷின் உறுமியது. புரண்டது. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று நுரை எழும்பியது. வாத்தியாரும் மனைவியும் நுரையைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. இரண்டு பேரும் மெஷின் முன்னால் அப்படியே நின்றார்கள். மனைவி சிரித்துவிட்டாள். வாத்தியாருக்குக் கண் கலங்கியது. சோப்புத்தூள் பட்டுவிட்டது என்றார்.

அந்த மாதத்திலிருந்து ஆவணக் காப்பறையில் கூட்டம் தாங்கவில்லை. தெருவே தன் ஆவணங்களைப் பார்வையிட மூட்டை மூட்டையாக இணைப்புகளுடன் வந்தது. சலூன்காரர் தம் கீசரைப் பார்வையிட வரும்போது வாடிக்கையாளர்களையும் கூட்டிவந்து தலை அலசிவிட்டார். காப்பறைத் தாழ்வாரத்தில் கயிறு கட்டி ஈர இணைப்புகளை உலர்த்தினார்கள். எழுத்தர் மதிய வேளையில் கோப்புப் பைக்குள் தம் கறுப்புக் கோட்டை மடித்து வைத்துக்கொண்டு வந்துபோனார். ஆண்டு விழாவில் தலைவர், "நம் மக்கள் ஆவணங்களின்மேல் காட்டும் ஆர்வத்தை வேறெந்த ஊரிலும் காண முடியாது. அவர்கள் காப்பறையை விட்டு வெளியே வரும்போது எத்தனை சுத்தமாக வருகிறார்கள்," என்று பேசி, வாசல் பலகையைப் புதுப்பிக்கச் சொன்னார். தெருக் குழாய்களில் வழக்கம்போல் அதே தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

முதல் முறை மூட்டையைச் சுமந்துகொண்டு வீடு திரும்பிய அன்று, வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து கால் நீட்டினார்.

"அப்பாடா. வாரியம் வழி பண்ணிடுச்சு. சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டேன். அடுத்த வாரத்துலருந்து நீ போயிட்டு வா. சுவிட்ச் போடுறதுதானே, கைக்கு ஒண்ணும் ஆகாது."

மனைவி ரசீதை அவர் முன்னால் வைத்து, ஒரு வரியின் அடியில் விரலை ஓட்டினாள். ஆவணத்தை விண்ணப்பதாரர் மட்டுமே நேரில் புரட்டிப் பார்க்கலாம், பிரதிநிதிகளுக்கு அனுமதி இல்லை என்று இருந்தது.

"இன்னைக்கு நான்தானே புரட்டினேன்? காப்பாளர் கவனிக்கலை. இனிமே கவனிப்பார். கிளம்புறப்போ அவர்கிட்ட இந்த வரியைக் காட்டிட்டுத்தான் வந்தேன்."

வாத்தியார் படித்தார். மறுபடியும் படித்தார்.

"விண்ணப்பதாரர் யாருங்க?" என்றாள் அவள்.

அடுத்த சனிக்கிழமை காலையில், வெள்ளை வெளேரென்ற சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, இரண்டு வீட்டுத் துணி மூட்டைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாத்தியார் கிளம்பினார். இரண்டாவது மூட்டை எதிர் வீட்டு அக்காவுடையது. அவளிடம் ஷவர் மட்டும்தான் ஆவணம். மனைவி வாசல்வரை வந்து, வலது கையைத் தூக்கி, அவர் தெரு முனை திரும்புகிறவரை வலியில்லாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள்.